பதினொன்றால் வகுபடும் கல்

பஹீமாவை எனக்குப் பிடிக்காது. மூடி மறைத்துக் கதை சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பி வந்தவள். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. நான் இங்கே இருபத்தாறு வருஷம். கணக்குத் துறைக்குத் தலைவி. போன மே மாதம் துணை முதல்வர் ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலி திரிபுரசுந்தரி டீச்சருக்குத்தான், அதாவது எனக்குத்தான், என்று பியூன்வரைக்கும் தெரியும். பள்ளித் தாளாளர் சோமசேகரன் மட்டும் இழுத்தடித்தார். "பஹீமா மேடம் பேரும் யோசனையில இருக்கு. ஆண்டு விழா முடியட்டும், சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து அவளைப் பார்த்தாலே என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவள் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. போன வருஷம் அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளில் ஒரு கணக்கு தப்பு என்று வந்து சொன்னாள். அதுவும் மத்தியானம், ஆசிரியர் அறையில் பன்னிரண்டு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது.

"மஸ்கட் கணக்கு மஸ்கட்டோட இருக்கட்டும்மா. இங்க நான் பாத்தா பாத்ததுதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள். கணக்கு தப்புதான். மறுநாள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் பள்ளிக்கு அறுபத்தொரு வயது நிறைந்தது. நுழைவாயிலில் ஒரு கல் வைக்க வேண்டும், அதில் என்ன வெட்டலாம் என்று தாளாளர் கூட்டம் போட்டார். தமிழாசிரியர் அன்பழகன், தானே ஒரு வெண்பா எழுதித் தருவதாகச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஹீமா எழுந்தாள்.

"சார், ரெண்ட அறுபத்தொரு தடவ பெருக்கி, வர்றதுல ஒன்னக் கழிச்சா ஒரு பகா எண் வரும். ஒன்னாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. எல்லா வருஷத்துக்கும் இப்படி அமையாது. அம்பத்தொம்பதுக்கு அமையல. அறுவத்தேழுக்கும் அமையாது. இதுக்கப்புறம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு வருஷம் வர இன்னும் இருபத்தெட்டு வருஷம் ஆகும்."

சொல்லிவிட்டுப் பலகையில் பார்க்காமல் எழுதினாள்:

2305843009213693951

பத்தொன்பது இலக்கம். சோமசேகரன் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கூட்டினா எட்டு வருதா?" என்பதுதான். மனிதர் சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போகிறவர், எட்டு சனியின் எண் என்று அவருக்கு ஆகாது. எங்கள் பள்ளியில் அறை எண் ஏழுக்கு அடுத்தது ஏழு-ஏ, அதற்கு அடுத்தது ஒன்பது. போனில் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிக் கூட்டினார். எழுபத்து மூன்று. ஏழும் மூன்றும் பத்து. ஒன்றும் பூஜ்யமும் ஒன்று.

"சூரியனோட நம்பர்!" என்று மேசையைத் தட்டினார். "இதுதான். இதையே வெட்டுங்க."

அந்த எண் எனக்குத் தெரியாததா? எம்.எஸ்ஸி. படிக்கும்போது பார்த்ததுதான். இருபத்தாறு வருஷமாகப் பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லியே என் மூளை துருப்பிடித்துவிட்டது, அவள் வாயில் வந்தது என் வாயில் வரவில்லை.

கல் வெட்டும் வேலை கருப்பையனுக்கு. திருநள்ளாறு ரோட்டில் கடை வைத்திருக்கிறார், வீட்டுப் பெயர்க்கல்லும் கோயில் உபயக்கல்லும் வெட்டுகிறவர். வெட்டுவதற்கு முன்னால் எழுத்தைக் கல் அளவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து காட்டி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கையெழுத்து இல்லாமல் உளியை எடுக்க மாட்டார்.

அவர் தாளைக் கொண்டுவந்த அன்றைக்குப் பஹீமா பாதி நாள் லீவு. அவள் வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நான் துறைத் தலைவி என்பதால் தாள் என்னிடம் வந்தது. பக்கத்தில் பஹீமா எழுதிக்கொடுத்த சீட்டும் இருந்தது.

எதையும் ஒன்பது நீக்கிச் சரிபார்ப்பது என் பழக்கம். இலக்கங்களைக் கூட்டு, வந்ததை மறுபடி கூட்டு, ஒற்றை இலக்கம் நிற்கும்வரை கூட்டு. இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் டிக். பெருக்கல் கணக்கு, மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றுக்கும் அதுதான். அன்றைக்கு அவளுடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. அவள் பெருமைக்கு நான் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? சீட்டைக் கூட்டினேன், எழுபத்து மூன்று. தாளைக் கூட்டினேன், எழுபத்து மூன்று. 'சரி பார்த்தேன்' என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டேன். தாளை ஆசிரியர் அறை மேசையிலேயே வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். கருப்பையன் மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டார்.

ஆண்டு விழாவுக்குக் காரைக்காலில் பாதி வந்திருந்தது. திரையை விலக்கியது பஹீமா. தாளாளரே கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டு, "இந்த எண்ணத் தந்தவங்க இவங்கதான்" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. கறுப்புக் கல்லில் வெள்ளையாக எண், அதற்குக் கீழே 'இது ஒரு பகா எண்' என்று ஒரு வரி. நான் முன் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நன்றியுரை சொல்ல வேண்டியது நான். சொல்வதற்கு மனசே வரவில்லை.

எண்ணைப் பார்த்தால் என் விரல் சும்மா இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினேன். முதல், மூன்றாவது, ஐந்தாவது என்று போனால் முப்பத்தொன்று. இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று போனால் நாற்பத்திரண்டு. வித்தியாசம் பதினொன்று. அந்த வித்தியாசம் பூஜ்யமாகவோ பதினொன்றின் மடங்காகவோ வந்தால் எண் பதினொன்றால் வகுபடும்; ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மறுபடி கூட்டினேன். முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

பகா எண்ணாம்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் தாளைச் சரிபார்த்திருக்கிறேன், சீட்டோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் சீட்டே தப்பு. பார்க்காமல் எழுதிக் காட்டினாளே, அந்தத் திமிருக்கு ஆண்டவன் வைத்தான் ஆப்பு. இப்படித்தான் நினைத்தேன், இதில் துளி சந்தேகம்கூட வரவில்லை.

மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் நன்றி சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். இந்தக் கல்லுல இருக்கிறது பகா எண் இல்ல. பதினொன்னால வகுபடும். சந்தேகம் இருந்தா கால்குலேட்டர வேணாம், கைவிரல் போதும்" என்று ஆரம்பித்து, அங்கேயே முப்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் எண்ணிக் காட்டினேன். "எண்ணத் தந்தவங்க வெளிநாட்டுல படிப்புச் சொல்லிக்கொடுத்தவங்க. நாங்கல்லாம் உள்ளூரு. எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

தாளாளர் முகம் கறுத்தது. நான் பஹீமாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போலகத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் கருப்பையனின் மொபெட் நின்றது. இன்னும் வெளிச்சம் போகவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போகிற லாரிகளுக்குப் பின்னாலேயே வந்திருப்பார் போலிருக்கிறது, சட்டையெல்லாம் கரித்தூள்.

"டீச்சர், அய்யா போன் போட்டுக் கன்னாபின்னான்னு திட்டுறாரு. தாள்ல இருந்தபடிதான் நான் வெட்டுனேன். நீங்களே பாருங்க" என்று மடித்த தாளை விரித்தார்.

தாளில் கடைசி நாலு இலக்கம் 9351. நான் என் டைரியைத் திறந்தேன். அன்று கூட்டத்தில் பலகையிலிருந்து எழுதிவைத்திருந்தேன். 3951. மூன்றும் ஒன்பதும் இடம் மாறியிருந்தன. தாளில் எழுதும்போதே கருப்பையனுக்குக் கை தவறியிருக்கிறது. அதற்குத்தானே என்னிடம் கொண்டுவந்தார்? இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறவா போகிறது? எழுபத்து மூன்றுதான் வரும். ஒன்பது நீக்கும் முறை இந்தத் தப்பை மட்டும் பிடிக்காது, ஜாக்கிரதை என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவளே நான்தான். தாளின் அடியில் 'சரி பார்த்தேன்' என்று என் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"நான் சொன்னா எடுபடாது டீச்சர். என் எழுத்து தப்புன்னா ஒத்துக்கிறேன், அதுக்குத்தான் ஒங்ககிட்ட காட்டுனேன். நாளைக்கி அய்யாகிட்ட நீங்களே இதக் காட்டிச் சொல்லிருங்க. கல்லு தப்புன்னு பேரு ஆயிட்டா எவன் எங்கிட்ட வருவான்?"

"வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நம்பி வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "யாருடி வந்தது? நீ கூட்டத்துல பேசுன பேச்சுக்கு மாலை போட வந்தாங்களா?" என்று கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மைக் வைத்துக் கெட்டேன்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், நின்றேன். கொளுத்தவில்லை. அது என் நல்ல குணம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காகிதத்தைக் கொளுத்திவிட்டுத் துணை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தால், நாளைக்குக் கருப்பையன் வாய் திறந்துவிடுவாரோ என்ற பயம். கைப்பையில் வைத்தேன். காலையில் முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தாளாளர் அறையில் நாங்கள் நாலு பேர். அவர் மேசைக்கு அந்தப் பக்கம். நானும் பஹீமாவும் நாற்காலியில். கருப்பையன் கதவோரம் நின்றுகொண்டு.

"என் மானத்த வாங்கிட்டீங்க. யாரு பண்ணுன வேல இது?" என்றார் சோமசேகரன்.

பஹீமா தன் நோட்டை விரித்து மேசையில் வைத்தாள். "நான் குடுத்தது இது சார். கடைசியில மூனு, ஒம்பது, அஞ்சு, ஒன்னு. கல்லுல ஒம்பது, மூனு, அஞ்சு, ஒன்னு இருக்கு."

தாளாளர் நோட்டையும் தன் போனில் இருந்த கல்லின் போட்டோவையும் பார்த்தார். பிறகு கருப்பையன் பக்கம் திரும்பினார். "அப்ப நீதானா? எழுதிக் குடுத்தத ஒழுங்காப் பாத்து வெட்டத் தெரியாது? இனிமே இந்தக் கேட்டுக்குள்ள ஒன்ன நான் பாக்கக் கூடாது. ஊரு பூரா சொல்லி வைக்கிறேன், இரு."

"அய்யா, தாள்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான்..."

"எங்க அந்தத் தாளு?"

கருப்பையன் என்னைப் பார்த்தார். கைப்பை என் மடியில் இருந்தது. ஜிப்பின்மேல் என் கை இருந்தது. எடுத்தால் நாற்காலி போச்சு. எடுக்காவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, அவருக்குத்தான் பிழைப்பு போகும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. தாளாளர் இன்னொரு தடவை, "எங்கடா தாளு?" என்று கத்தினார். கருப்பையனுக்கு அறுபது வயது இருக்கும், அவரைப் போய் 'டா' என்று. அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எங்கிட்ட இருக்கு சார்" என்றாள் பஹீமா.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவள் போனை மேசைமேல் வைத்தாள். அந்தத் தாளின் போட்டோ. எண், 9351, அடியில் 'சரி பார்த்தேன், திரிபுரசுந்தரி', தேதி, எல்லாம் கண்ணாடி மாதிரி.

"அன்னைக்கி வாப்பாவ ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுல விட்டுட்டு, சாயந்தரம் நோட்டு எடுக்க வந்தேன். தாள் மேசையில கெடந்துச்சு."

"பாத்தியா? அப்பவே பாத்தியா?" என்றேன். "விழாவுக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏன் வாயத் தொறக்கல?"

"என்னைக்கி நான் தப்புன்னு சொன்னத நீங்க கேட்டீங்க டீச்சர்?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பாத்தா பாத்ததுதான்னு சொன்னீங்க. பன்னண்டு பேரு சிரிச்சாங்க. கல்லுல வெட்டுனாத்தான் ஒங்களுக்கு ஒறைக்கும்னு விட்டுட்டேன். விழா முடிஞ்சதும் சார்கிட்ட தனியாக் காட்டலாம்னு இருந்தேன். நீங்களே மைக்கப் புடிச்சு நாலு பேருக்கு முன்னாடி சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல. அது அல்லா குடுத்தது."

"அடிப்பாவி! பள்ளிக்கூடம் நாறிப்போச்சேடி!"

"நாறடிச்சது என் கையெழுத்தா, ஒங்க கையெழுத்தா?"

நான் கைப்பையைத் திறந்து தாளை எடுத்து மேசையில் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு. சத்தியமாக அதற்கு முன்னாலேயே எடுக்கத்தான் போனேன் என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கையில்லை. கருப்பையன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

சோமசேகரன் போனை எடுத்துக் கல்லில் உள்ள எண்ணை மறுபடி கூட்டினார். "எழுபத்து மூனு. பத்து. ஒன்னு. ஒன்னுதானே வருது?"

"வரும் சார். ஆனா அது..." என்று பஹீமா ஆரம்பித்தாள்.

"ஒன்னு வருதுல்ல? அப்ப கல்லு இருக்கட்டும். பூஜை போட்டு வச்ச கல்ல நான் எடுக்க மாட்டேன். கீழ இருக்கே, பகா எண்ணோ என்னமோ, அத மட்டும் கொத்தி எடுத்துரு கருப்பையா. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாருங்க, அதையாவது ஒழுங்காப் பாருங்க. துணை முதல்வரா அன்பழகன் சாரப் போடுறேன். அவருக்குக் கணக்கு வராது, அதுவே நல்லது."

அன்று மத்தியானம் வெயிலில் நானும் பஹீமாவும் நுழைவாயிலில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். கருப்பையன் அந்த ஒரு வரியைக் கொத்திக்கொண்டிருந்தார். "படிச்சவங்க போடுற சண்டையில எம் உளிதான் மழுங்குது" என்று கல்லிடம் சொல்வதுபோலச் சொன்னார். வேலை முடிந்ததும் என்னிடம் வந்து, "அந்தத் தாளக் குடுங்க டீச்சர்" என்றார்.

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கு?"

"எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். தாளாளர் மேசையிலிருந்து திரும்ப எடுத்துவந்திருந்ததைக் கொடுத்தேன்.

வெண்பா எழுதித் தருகிறேன் என்ற அன்பழகன் இப்போது ஏழு-ஏ அறைக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தினமும் என்னைப் பார்த்து, "டீச்சர், சௌக்கியமா?" என்கிறார். சௌக்கியம்தான் என்கிறேன்.

போன வாரம் பஹீமா தன் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நுழைவாயிலுக்குப் போனாள். பதினொன்றால் வகுபடும் விதி நடத்துகிறாளாம். என் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான். அவள் வேண்டுமென்றே இந்த மணியைத் தேர்ந்தெடுத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஒன்னு விட்டு ஒன்னு கூட்டுங்க. எவ்வளவு?"

"முப்பத்தொன்னு!" என்று நாற்பது பிள்ளைகள் கத்தினார்கள்.

"மிச்சத்தக் கூட்டுங்க."

"நாப்பத்திரண்டு!"

"வித்தியாசம்?"

"பதினொன்னு!"

நான் சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் சிவப்ரியா கையைத் தூக்கினாள். அவளும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"டீச்சர், அதுல நம்பர் மாறிப்போச்சாமே. வெட்டுறதுக்கு முன்னாடி யாருமே சரி பாக்கலயா?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. வெளியே அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள்.

"பாத்தாங்க" என்றேன். "நான்தான் பாத்தேன். சரின்னு கையெழுத்தும் போட்டேன்."

ஜன்னலைச் சாத்தாமலே திரும்பி வந்து, நாற்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.